நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் வாயுக்கோள் ஏன் கரைந்து போவதில்லை?

2 ஆகஸ்ட் 2025 – வாசகர் கேள்வி

51 பெகாசி பி கோளைப் பற்றிப் படித்தேன். வியாழனின் எடையில் ஏறக்குறைய பாதி. சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு தூரத்திலேயே தன் நட்சத்திரத்தைச் சுற்றுகிறதாம். நாலேகால் நாளில் ஒரு சுற்று. சூடு ஆயிரம் டிகிரி அளவில் என்கிறார்கள். வெறும் வாயுவாலான ஒன்று அந்தச் சூட்டில் கற்பூரம் மாதிரி காணாமல் போயிருக்க வேண்டாமா? கோடிக்கணக்கான ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அளந்ததிலேயே ஏதோ கோளாறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2 ஆகஸ்ட், இரவு – பதில்

கற்பூரத்துக்குச் சொந்த ஈர்ப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு மூலக்கூறு கட்டியை விட்டுக் கிளம்பினால் போனதுதான். கோளில் அப்படி இல்லை. அங்கே இருப்பது ஏற்கெனவே வாயுதான், அது இனி ஆவியாக வேண்டியதில்லை. அந்த வாயு கோளை விட்டுத் தப்பிக்குமா என்பதுதான் கேள்வி.

தப்பிக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்ப்போம். கணக்குப் போட வசதியாக எச்டி 209458 பி கோளை எடுத்துக்கொள்கிறேன், அதன் எடை, ஆரம் இரண்டும் தெரியும். எடை வியாழனில் 0.7 பங்கு, ஆரம் வியாழனைப் போல 1.38 மடங்கு. விடுபடு வேகம் நொடிக்கு 42 கி.மீ. சொச்சம் வருகிறது. 1,450 கெல்வின் சூட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு 4 கி.மீ. வேகத்தில்தான் ஓடும். பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் டிகிரி நமக்குத்தான் பயங்கரம், அந்த ஈர்ப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

3 ஆகஸ்ட்

"அளந்ததில் கோளாறு" என்ற பகுதிக்கு நேற்று பதில் எழுதவில்லை. அந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கண்டுபிடித்தவர்களுக்கே வந்தது.

மிஷேல் மேயரும் அவருடைய ஆய்வு மாணவர் டிடியே கேலோவும் பிரான்சில் ஓட்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் எலோடி என்ற நிறமாலைமானியை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் கருவி) வைத்து நட்சத்திரங்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் ஒன்று சுற்றிவந்து இழுத்தால் நட்சத்திரமும் லேசாக ஆடும். 51 பெகாசி நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக, நொடிக்கு 50, 60 மீட்டர் அளவில் ஆடியது. நாலு நாளுக்கு ஒரு முறை. கேலோ முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். நட்சத்திரம் பகல் வானத்துக்குப் போய்விட்டதால் 1995 ஜூலையில் அது திரும்பி வரும்வரை காத்திருந்து, மறுபடி அளந்து, கணித்தபடியே ஆட்டம் வந்த பிறகுதான் நம்பினார்கள். அக்டோபர் 6 அன்று ஃபுளோரன்ஸ் மாநாட்டில் அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் லிக் ஆய்வகத்தில் சீக்கிரமே சரிபார்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. கோளே இல்லை, நட்சத்திரத்தின் மேற்பரப்புதான் துடிக்கிறது என்று டேவிட் கிரே 1997இல் எழுதினார். அடுத்த ஆண்டே கூடுதல் அளவீடுகளைப் பார்த்துவிட்டு அதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கேள்வி கேட்டவரே பதிலையும் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்.

முழுதாகத் தீர்த்துவைத்தது 1999. எச்டி 209458இன் குறுக்கே அதன் கோள் கடந்துபோவதை டேவிட் ஷார்போனோ குழுவும் கிரெக் ஹென்றி குழுவும் தனித்தனியாகப் பிடித்தார்கள். ஷார்போனோ பயன்படுத்தியது 10 செ.மீ. அகலமுள்ள சின்னத் தொலைநோக்கி. நட்சத்திரம் ஒன்றரை சதவீதம் மங்கியது. அதிலிருந்து கோளின் ஆரம் கிடைத்தது, ஆட்டத்திலிருந்து எடை கிடைத்தது, இரண்டையும் வைத்தால் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான். பாறை உருண்டை அப்படி இருக்கவே முடியாது. வாயுதான்.

3 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

1952ஐச் சொல்லாமல் விட மனமில்லை. வானியலாளர் ஒட்டோ ஸ்ட்ரூவ அந்த வருஷமே ஒரு சிறு கட்டுரையில் எழுதிவிட்டார்: வியாழன் மாதிரி ஒரு கோள் நட்சத்திரத்துக்கு மிகப் பக்கத்தில், ஒரு நாளில் சுற்றிவரும் தூரத்தில் ஏன் இருக்கக்கூடாது, இருந்தால் வேகத்தை அளந்தே கண்டுபிடிக்கலாமே, குறுக்கே கடக்கும்போது மங்கலும் தெரியுமே என்று. நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் பொருட்படுத்தவில்லை. நம் வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அதனால் எல்லா வியாழனும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

5 ஆகஸ்ட்

2ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கு சரி. ஆனால் 1,450 கெல்வின் என்பது கண்ணுக்குத் தெரியும் மேகமட்டத்தின் சூடு. அதற்கு ரொம்ப மேலே, காற்று மெலிந்துபோன இடத்தில், நட்சத்திரத்தின் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் நேரடியாக அடிக்கின்றன. மூலக்கூறு உடைந்து தனி அணுவாகிறது. சூடு 10,000 கெல்வின் அளவுக்கு ஏறுகிறது. ஹைட்ரஜன் அணுவின் சராசரி வேகம் அங்கே நொடிக்கு 15 கி.மீ. தாண்டும்.

இன்னொன்றும் சேர்கிறது. வாயு முடிவிலி வரை ஏறிப்போக வேண்டியதில்லை. கோளின் பிடி முடிந்து நட்சத்திரத்தின் பிடி தொடங்கும் எல்லையைத் தொட்டாலே போதும். எச்டி 209458 பிக்கு அந்த எல்லை கோளின் ஆரத்தைப் போல நாலு மடங்கு தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, தப்பிக்கும் வாயு உண்டு. 2003இல் ஆல்ஃபிரட் விடால்-மட்ஜார் குழு ஹபிளின் புற ஊதாக் கருவியால் பார்த்தபோது, கோள் மறைக்கும் ஒன்றரை சதவீதத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் ஒளியில் 15 சதவீதம் வரை மறைந்தது. கோளைச் சுற்றி அவ்வளவு பெரிய ஹைட்ரஜன் மேகம், வெளியேறிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு போகிறது? மதிப்பீடுகள் நொடிக்குப் பத்தாயிரம் டன் என்ற அளவைச் சுற்றி வருகின்றன. கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஆனால் கோளின் எடையை அதனால் வகுத்தால் நாலு லட்சம் கோடி ஆண்டு. பிரபஞ்சத்துக்கே 1,380 கோடி ஆண்டுதான் வயது. 500 கோடி ஆண்டில் போகும் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. கேள்விக்கு என் பதில் இதுதான்: கரைகிறது, ஆனால் கையிருப்பு அதிகம்.

5 ஆகஸ்ட், பின்னிரவு

அதே சமயம் கேட்டவரின் உள்ளுணர்வை நான் ஒதுக்கவில்லை. எடை குறைந்த கோள்களுக்கு அது அப்படியே பொருந்தும். ஜிஜே 436 பி நெப்டியூன் அளவுக் கோள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் வால்மீனின் வால் மாதிரி நீண்டு, அந்தக் குறிப்பிட்ட புற ஊதா ஒளியில் நட்சத்திரத்தின் பாதியை மறைக்கிறது என்று 2015இல் தெரியவந்தது. நட்சத்திரத்துக்கு மிகப் பக்கத்தில் வியாழன்கள் இருக்கின்றன, சின்னப் பாறைக் கோள்கள் இருக்கின்றன, நடுவில் நெப்டியூன் அளவு மட்டும் ஏறக்குறைய காலி. அந்த இடத்தை நெப்டியூன் பாலைவனம் என்றே அழைக்கிறார்கள். அதன் நடுவில் 2020இல் டிஓஐ-849 பி அகப்பட்டது: பூமியைப் போல 40 மடங்கு எடை, 18 மணி நேரத்தில் ஒரு சுற்று, வாயு மிகக் கொஞ்சம். பெரிய கோள் ஒன்றின் உரிக்கப்பட்ட உள்கரு என்பது ஒரு விளக்கம். வாயுவைச் சேர்க்கும் முன்பே வளர்ச்சி நின்றுபோன கரு என்பது இன்னொன்று.

9 ஆகஸ்ட்

"இதையெல்லாம் நாம் பார்க்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோளைப் பார்க்க முடியாது. அதன் மங்கலைப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது எட்டு அங்குலத் தொலைநோக்கி, ஒரு கறுப்பு வெள்ளை கேமரா. எச்டி 189733 என்ற நட்சத்திரம், 64 ஒளியாண்டு தூரம். டம்பெல் நெபுலாவுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் தேடவே வேண்டாம், இரண்டும் ஒரே படத்தில் விழும். நெபுலா இருப்பது அதைவிடப் பல மடங்கு பின்னால். இந்த நட்சத்திரத்தின் கோள் 2.2 நாளில் சுற்றுகிறது, கடக்கும்போது ஒளி 2.4 சதவீதம் குறையும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடிக்கும்.

நட்சத்திரம் பிரகாசமானது. கூர்மையாகக் குவித்தால் நடுப் பிக்சல்கள் நிரம்பி வழிந்துவிடும், அளவு கெட்டுப்போகும். அதனால் வேண்டுமென்றே குவியத்தைக் கலைத்து நட்சத்திரத்தை ஒரு வளையமாக்கினேன். அதே படத்தில் ஏறக்குறைய அதே பிரகாசமுள்ள இன்னொரு நட்சத்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். மேகத் துணுக்கு வந்தால் இரண்டும் சேர்ந்து மங்கும், கோள் வந்தால் ஒன்று மட்டும் மங்கும். படம் எடுக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. இரண்டு சதவீதத்தைக் கண் பிடிக்காது. தனித்தனிப் புள்ளிகளும் மேலும் கீழுமாகச் சிதறித்தான் விழுந்தன. ஐந்தைந்து நிமிடமாகச் சராசரி எடுத்ததும் கோடு கீழே சரிந்தது. அரை மணிக்குள் அடியைத் தொட்டது. அடிப்பகுதி தட்டையாக இல்லை, மெல்ல வளைந்திருந்தது. நட்சத்திரத்தின் நடுப்பகுதி ஓரத்தைவிடப் பிரகாசம் என்பதால் வரும் வளைவு அது. புத்தகத்தில் படித்த ஓர இருட்டு என் சொந்தப் புள்ளிகளில் வந்து நின்றபோது வேறெதுவும் தோன்றவில்லை, திரும்பத் திரும்ப அந்த வளைவையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10 ஆகஸ்ட்

லென்ஸ் முன்னால் பனி படிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பனி படிந்தால் வரும் சரிவு கோளின் சரிவு மாதிரியே இருக்கும். கடப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் முடிந்து ஒரு மணி நேரம் வரையும் எடுத்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

17 ஆகஸ்ட்

இந்தக் கோள்களுக்கு முடிவே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. வாயு கசிந்து அல்ல, சுற்றுப்பாதை சுருங்கி.

வாஸ்ப்-12 பி, 2008இல் கண்டுபிடித்தது. 26 மணி நேரத்தில் ஒரு சுற்று. நட்சத்திரத்தின் ஈர்ப்பு இழுத்து இழுத்து அது உருண்டையாகவே இல்லை, நீண்டிருக்கிறது. 5ஆம் தேதி சொன்ன அந்தப் பிடி முடியும் எல்லை இங்கே கோளின் ஆரத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. கோள் நட்சத்திரத்தில் ஒரு புடைப்பை எழுப்புகிறது. நட்சத்திரம் மெதுவாகவும் கோள் வேகமாகவும் சுற்றுவதால் புடைப்பு எப்போதும் கோளுக்குப் பின்தங்குகிறது, பின்னாலிருந்து கோளை இழுக்கிறது. கோள் ஆற்றலை இழந்து உள்ளே இறங்குகிறது.

சுற்றுக்காலம் வருஷத்துக்கு 29 மில்லி நொடி குறைகிறது. அவ்வளவு சின்ன மாற்றத்தை எப்படி அளந்தார்கள் என்று எனக்கும் முதலில் மலைப்பாக இருந்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. குறைவு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது. பத்து வருஷத்தில் மூவாயிரத்து முந்நூறு சுற்றுக்கு மேல். மொத்தமாகக் கூட்டினால் கடப்பு ஏறக்குறைய எட்டு நிமிடம் முன்னதாக வந்துவிடும். எட்டு நிமிடத்தை எட்டு அங்குலத் தொலைநோக்கியே அளக்கும்! இதே வேகத்தில் போனால் கோளுக்கு மிச்சம் முப்பது லட்சம் ஆண்டு சொச்சம்.

18 ஆகஸ்ட்

விழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. 2020இல் அக்விலா விண்மீன் கூட்டத்தின் திசையில், 12,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் பத்து நாளில் நூறு மடங்குக்கு மேல் பிரகாசித்து அடங்கியது. கோளை நட்சத்திரம் விழுங்கியது என்று 2023இல் கிஷலய் தே குழு எழுதியது. நட்சத்திரம் வீங்கிப்போய்க் கோளைத் தொட்டது என்பதுதான் அப்போதைய எண்ணம். 2025இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் அளவீடு வந்தபோது நட்சத்திரம் அப்படி வீங்கியதாகத் தெரியவில்லை. கோள்தான் சுற்றுப்பாதை சுருங்கி உள்ளே போயிருக்க வேண்டும். வாஸ்ப்-12 பி போகிற வழி.

30 ஆகஸ்ட்

வானிலை. இரண்டு மூன்று பேர் கேட்டதால்.

நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல இவையும் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்டுகின்றன. ஒரு பக்கம் நிரந்தரப் பகல். அப்படியானால் மிகச் சூடான இடம் நட்சத்திரத்துக்கு நேர் கீழே, உச்சியில்தானே இருக்கவேண்டும்? 2007இல் ஹெதர் நட்சன் குழு ஸ்பிட்சர் தொலைநோக்கியால் எச்டி 189733 பிக்கு வெப்ப வரைபடம் போட்டபோது சூடான இடம் உச்சியைவிட்டுக் கிழக்கே தள்ளியிருந்தது. காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 8,000 கி.மீ. தாண்டும் என்று பின்னால் அளந்தார்கள். வாஸ்ப்-43 பியில் ஜேம்ஸ் வெப் பார்த்தது பகலில் 1,250 டிகிரி செல்சியஸ், இரவில் 600. இரவுப் பக்கத்தில் கனத்த மேகம்.

எச்டி 189733 பியின் நிறம் நீலம் என்று 2013இல் ஹபிள் சொன்னதும் எங்கே பார்த்தாலும் கடல் போட்ட படங்கள் வந்தன. அங்கே கடல் கிடையாது. உயரத்தில் மிதக்கும் நுண்துகள்கள் நீலத்தைச் சிதறடிக்கின்றன, அவை சிலிகேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024இல் அதே கோளில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிடைத்தது.

வாஸ்ப்-76 பியில் "இரும்பு மழை" என்று 2020இல் பரபரப்பாக எழுதினார்கள். அளவீடு சொன்னது இவ்வளவுதான்: மாலை விளிம்பில் இரும்பு ஆவி தெரிகிறது, காலை விளிம்பில் தெரியவில்லை. நடுவில் அது உறைந்து விழுந்திருக்கலாம். மேகமோ இரு விளிம்புகளின் வெப்ப வித்தியாசமோ இதே தோற்றத்தைத் தரும் என்று பின்னால் வேறு குழுக்கள் காட்டின. இரும்பு ஆவி உறுதி, மழை உறுதியில்லை. பகிரும்போது இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து சேர்த்துப் பகிருங்கள்.

14 செப்டம்பர்

எப்படி நிற்கிறது என்று ஆரம்பித்தோம். எனக்கு அதைவிடப் பெரிய புதிர், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான். நட்சத்திரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வியாழனை உருவாக்கப் போதுமான பொருளைத் திரட்டுவது கஷ்டம். பனி உறையும் தூரத்தில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

ஒரு வழி, இளம் நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும், கோள் பிறந்த வாயுத்தட்டோடு சேர்ந்து அமைதியாக நகர்வது. தட்டு சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைந்துவிடும், அதற்குள் வந்தாக வேண்டும். இன்னொரு வழி முரட்டுத்தனமானது. வேறொரு கோளோ துணை நட்சத்திரமோ பாதையைக் கலைத்து நீண்ட முட்டைப் பாதையாக்கிவிடும். ஒவ்வொரு முறை நட்சத்திரத்தை நெருங்கும்போதும் ஆற்றல் வெப்பமாகக் கரைந்து பாதை சிறிய வட்டமாகிவிடும். எச்டி 80606 பி இன்றைக்கும் அந்த நிலையில் இருக்கிறது: 111 நாள் பாதை, நெருங்கும்போது ஆறு மணி நேரத்தில் அதன் சூடு 800 கெல்வினிலிருந்து 1,500க்கு எகிறுவதை ஸ்பிட்சர் பார்த்தது.

நான் இரண்டாவது வழியின் பக்கம் சாய்கிறேன். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் இந்த வியாழன்கள், அதாவது வெப்ப வியாழன்கள், பெரும்பாலும் தனியாகவே இருக்கின்றன, பக்கத்தில் சின்னக் கோள்கள் இல்லை. வாஸ்ப்-17 பி போன்றவை நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகின்றன. அமைதியாக வந்திருந்தால் இப்படி இருக்க நியாயமில்லை.

15 செப்டம்பர்

வாஸ்ப்-47ஐ மறந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக்கூடாது. அங்கே நாலு நாள் பாதையில் ஒரு வெப்ப வியாழன், அதற்கு உள்ளே ஒரு சின்னக் கோள், வெளியே நெப்டியூன் அளவில் இன்னொன்று. முரட்டு வழியில் வந்திருந்தால் இந்தச் சின்னவை தூக்கியெறியப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு வழியும் உண்டு, முரட்டு வழி அதிகம் என்று என் கட்சியைத் திருத்தி வைத்துக்கொள்கிறேன். சூரியன் மாதிரி நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் வெப்ப வியாழன் இருக்கிறது என்பதையும் மனதில் வைக்கவேண்டும்.

28 செப்டம்பர்

கோள் ஏன் அவ்வளவு உப்பியிருக்கிறது என்று கேட்டவருக்கு: வியாழனைவிட எடை குறைந்த எச்டி 209458 பி அதைவிட 38 சதவீதம் பெரிது. மேலே அடிக்கும் வெயில் மட்டும் இதைச் செய்யாது, சூடு ஆழத்துக்குப் போயாக வேண்டும். எப்படிப் போகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பாதிகினும் ஸ்டீவன்சனும் 2010இல் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: சூட்டில் கொஞ்சம் அயனியான காற்று கோளின் காந்தப்புலத்தைக் குறுக்காக வெட்டி ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது, அது உள்ளே இறங்கி வெப்பமாகிறது. சுமார் 1,000 கெல்வினுக்குக் கீழே உள்ள கோள்கள் உப்புவதில்லை என்பதும் இதோடு ஒத்துப்போகிறது, அந்தச் சூட்டில் அயனியாவது குறைவு.

4 அக்டோபர்

தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறார்கள். எச்டி 189733 பியில் ஆரம்பியுங்கள், மங்கல் ஆழம். டம்பெல் மேற்கே இறங்கிவிட்டால் பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் எச்டி 209458 பி, ஆனால் அதன் கடப்பு மூன்று மணி நேரம், முன்னும் பின்னும் சேர்த்தால் இரவில் பெரும்பகுதி போய்விடும். வாஸ்ப்-12 பிக்குக் குளிர்கால வானம் வரவேண்டும், மங்கலான நட்சத்திரம், கை பழகிய பிறகு போதும். கேமராவின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கிடைக்கும் நேரத்தை, கடப்பு நேரங்களைச் சேகரிக்கும் எக்ஸோகிளாக் திட்டத்துக்கு அனுப்பலாம், இனிமேல் ஏவப்படவிருக்கும் ஏரியல் விண்தொலைநோக்கி எந்தக் கோளை எப்போது பார்ப்பது என்று திட்டமிட அதைத்தான் பயன்படுத்தப்போகிறார்கள். மேகம் வந்து பாதியில் நின்ற இரவாக இருந்தாலும் புள்ளிகளை அழிக்காதீர்கள், கடப்பின் தொடக்கம் மட்டும் கிடைத்திருந்தாலும் அது ஒரு அளவீடுதான்.